படைவீரரும் நில அளவையும் (பெங்களூர்)

இராணுவ சேவையிற் பெற்ற பயிற்சி, அச்சேவையின் இடையிலோ அதனின்று விலகிய பின்னரோ ஒருவர் மேற்கொள்ளும் நில அளவைத் தொழிலை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்குத் தென்னிந்தியாவில் பெங்களூரைப்போல் விளக்கமான உதாரணம் பிறிதில்லை. பாரத தேசத்தின் மாபெரும் முக்கோணவியல் அளவைக்கு முன்னோடியான பணி தொடங்கிய இடம் இந்நகரமே. அதைத் தோற்றுவித்தவரும் ஒரு போர்வீரரே.

யார்க்ஷயரிற் பிறந்த வில்லியம் லாம்டன், 1781-இல் இங்கிலாந்துப் படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்று, அங்கே நியூ பிரன்ஸ்விக் பிரதேசத்தில் எல்லை அளக்கும் பணியிலும், பின்னர்ப் பல ஆண்டுகள் படைக்குடியிருப்புகளை மேற்பார்வையிடும் உத்தியோகத்திலும் அமர்ந்து, ஓய்வு நேரமெல்லாம் கணித நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். சிவில் உத்தியோகமா, படைப்பதவியா என்று தீர்மானிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது படையையே தேர்ந்து, முப்பத்துமூன்றாம் காலாட்படையுடன் இந்தியா வந்தார். 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, ஓரிரவு ஜெனரல் பேர்டின் படை இருளில் வழிதவறித் திப்பு சுல்தானுடைய பாசறையை நோக்கியே சென்றுகொண்டிருந்ததை நட்சத்திரங்களைக் கொண்டு கண்டறிந்து எச்சரித்தவர் இவரே. திசைகாட்டியும் அவர் கூற்றையே உறுதிப்படுத்தியது. ஏட்டிற் கற்ற வானசாஸ்திரம் உயிர்காக்கும் வித்தையாக மாறியது யுத்தகளத்தில்தான் என்பதை ஈண்டுக் கருதுதல் வேண்டும்.

மைசூர் யுத்தம் முடிந்தபின், தீபகற்பத்தைக் கடல் முதல் கடல் வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டமொன்றை லாம்டன் சமர்ப்பிக்க, சென்னை அரசாங்கம் அதனை ஏற்றது. 1800-இன் இறுதியில் பெங்களூருக்கு அருகில், முக்கோணங்களுக்கு அடித்தளமாகும் முதல் ஆதாரக்கோடு அளக்கப்பட்டது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெயிலில் உலோகம் நீள்வதைக் கணக்கிட வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு நீட்டலையும் குறித்துக்கொண்டு முன்னேறும் அவ்வேலை, காலாட்படையின் அணிவகுப்புக்கு வேண்டும் அதே பொறுமையையும் ஒழுங்கையும் கோரியது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள மற்றொரு கோடு அளக்கப்பெற்று, அங்கிருந்து மேற்கே முக்கோணங்கள் தொடர்ந்தன. 1804-இல் பெங்களூரில் மீண்டும் ஓர் ஆதாரக்கோட்டை நேரில் அளந்தபோது, சென்னையிலிருந்து கணித்துவந்த நீளத்துக்கும் அதற்கும் இடையே கண்ட வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவே! தன் கணக்கைத் தானே சந்தேகித்து மறுபடி சோதிக்கும் இப்பழக்கமே இராணுவம் அளவையாளருக்கு அளித்த கொடைகளுள் தலையாயது. இன்னொரு கொடை தற்சார்பு: 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள, கோணமளக்கும் தியோடலைட்டு மோதிச் சிதைந்துவிட, லாம்டன் கூடாரத்துள் தனித்திருந்து வாரக்கணக்கில் உழைத்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். 1823-இல் ஹிங்கன்காட்டில் முகாமிட்டிருந்தபோதே அவர் காலமானார்.

அவருடைய உதவியாளரும் அதே படைப்பிரிவினருமான ஜான் வாரன், பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1802-இல் மைசூரின் கீழ்எல்லையை அளந்தபோது, கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பதாக வழங்கிய செய்தியை ஆராய்ந்து குறிப்பெழுதினார். பின்னர்ச் சென்னை வான்காட்சி நிலையத்தின் பொறுப்பையும் வகித்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்குப்பின் அக்குறிப்பைப் படித்தவர், நியூசிலாந்துப் போரிற் பங்குகொண்டு ஓய்வுபெற்றுப் பெங்களூர்க் கண்டோன்மெண்டில் வாழ்ந்த மைக்கேல் லாவெல். அவர் 1871-இல் கோலாருக்குச் சென்று ஆராய்ந்து, மைசூர் அரசிடம் சுரங்க உரிமையும் பெற்றார். ஒரு படைவீரர் எழுதிய களக்குறிப்பு மற்றொரு படைவீரரின் இரண்டாம் வாழ்க்கையைத் திறந்துவிட்ட இவ்வரலாற்றின் நினைவாக லாவெல் சாலை இந்நகரில் இன்றும் உள்ளது.

இவ்வதிகாரிகளின் பெயர்களே ஏடுகளில் நிலைத்தன. சங்கிலி இழுத்தும் கொடி பிடித்தும் மலையுச்சிகளிற் காவலிருந்தும் உழைத்த நம் நாட்டவர் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை என்பது வருந்தத்தக்கது. 1780-இல் தோன்றி, அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் மதராஸ் ஸாப்பர் என்னும் பொறியியற் படை, ‘தம்பி’கள் என்று அன்புடன் அழைக்கப்பெறும் தென்னாட்டு வீரர்களால் ஆனது. பாலமும் பாதையும் அமைக்கும் அவ்வீரர்களுக்கு நிலத்தின் ஏற்றத்தாழ்வை அறியும் கண் தொழிலோடு தொழிலாகவே அமைகிறது. ஆயினும் பட்டா, புல எண், பாகப்பிரிவினை முதலிய வருவாய்த்துறை நுட்பங்களைப் படை கற்பிப்பதில்லை. ஓய்வுபெற்றவர் அவற்றைக் கிராமக் கணக்குகளைப் புரட்டியே கற்றாக வேண்டும்.

தற்காலத்தில் இராணுவப் பொறியியற் பிரிவு அளவையாளர்களை ஹவில்தார் பதவியில் நேரடியாகவே சேர்க்கிறது. இளவயதிலேயே ஓய்வூதியத்துடன் வெளிவரும் வீரர்கள் சாலை, மெட்ரோ ரயில் முதலிய பணிகளுக்குரிய அளவைகளில் டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன் ஆகிய கருவிகளுடன் பணியாற்ற இயலும். மத்திய அரசின் ‘சி’ பிரிவு நேரடி நியமனங்களில் முன்னாள் படைவீரர்களுக்குப் பத்து சதவீத இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.