ஸாஹிறாவின் வகுப்பறையில் எத்தனை மொழிகள்?

1892 ஆகஸ்ட் 22 அன்று, கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு சிறிய பாடசாலை திறக்கப்பட்டது. அல் மத்ரஸதுஸ் ஸாஹிறா என்று அதற்குப் பெயர் சூட்டினர். பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி என்று இலங்கை முழுவதும் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. அதன் வரலாற்றை எழுதியோர் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் நிறையவே சொல்லியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் பாடம் கேட்டார்கள், அது ஏன் திரும்பத் திரும்ப ஒரு வழக்காகவே நீடித்தது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். பிள்ளையை எந்த மொழி வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்வி இன்றும் நம் வீடுகளில் கணவன் மனைவிக்கிடையே தீராமல் கிடப்பதால், பழைய கதை நமக்கு அந்நியமாக இராது.

பாடசாலை தோன்றுவதற்கு முன்பே நம்மிடம் ஓர் இருமொழிக் கல்வி இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். லெப்பையின் ஓதற்பள்ளியில் பலகையைப் பிடித்து அலிபு, பே, தே என்று தொடங்கிய பிள்ளை, குர்ஆனை ஓதி முடிக்கும் வேளையில் அறபு எழுத்தை நன்கு கைவசப்படுத்தியிருக்கும். அதே எழுத்தில்தான் அறபுத்தமிழ் எழுதப்பட்டது. மொழி தமிழ், உடை அறபு. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய வடிவங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். தொழுகைச் சட்டம், நபிமார் வரலாறு, மாலைகள், குடும்பக் கடிதங்கள் எல்லாம் அவ்வெழுத்தில் வந்தன. தமிழ் நெடுங்கணக்கை அறியாத எத்தனையோ தாய்மார் தமிழ் நூல்களை இவ்வாறு சரளமாக வாசித்தனர். ஆனால் அரசாங்கப் பாடசாலையின் கண்ணுக்கு அப்பெண் எழுத்தறியாதவள். இந்த அநீதியைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

ஓதற்பள்ளிக்கு வெளியே உலகம் வேறு வேகத்தில் மாறிக்கொண்டிருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கையில் அரசாங்க உத்தியோகம், வழக்கறிஞர் தொழில், மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் வாசல் ஆங்கிலமே. அந்த ஆங்கிலத்தைக் கற்பித்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை கிறித்தவ மிஷன்களுக்குரியவை. அங்கே பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்ற பெற்றோரின் அச்சம் வெறும் பிடிவாதமன்று. மதமாற்றம் அப்பாடசாலைகளின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. இதன் விளைவு, வணிகத்தில் முன்னின்ற ஒரு சமூகம் கல்வியில் பின்தங்கியது.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898). 1882 டிசம்பரில் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இதழ் கல்வியைப் பற்றி இடைவிடாது பேசியது. அவருக்கு இந்தக் காலத்தில் ஒரு துணையும் வாய்த்தது. எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடித் தோற்று நாடுகடத்தப்பட்ட அஹ்மத் ஒராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரால் சிறைப்படுத்தப்பட்ட ஒருவரே, ஆங்கிலம் படிக்க வைக்கும் முயற்சிக்கு நம் மக்களிடையே ஊக்கமளித்தார் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. பகைவனின் மொழி வேறு, அவன் செய்த கொடுமை வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

சித்திலெப்பையின் தனிச்சிறப்பு, அவர் ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடவில்லை என்பது. ஆங்கிலம் படியுங்கள் என்றார். அறபைப் பொருளுணர்ந்து படிக்கப் பாடநூல்கள் எழுதினார். தமிழில் 'அஸன்பேயுடைய கதை' என்ற புதினத்தை 1885 இல் வெளியிட்டார். தமிழ் நாவலின் தொடக்ககாலப் படைப்புகளுள் அதற்கு இடமுண்டு. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை திறந்து அதன் பொறுப்பைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்தார். கொழும்பில் 1884 இல் அவர் எடுத்த முதல் பாடசாலை முயற்சி நிலைக்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து மருதானையில் மீண்டும் தொடங்கியபோது, வாப்பிச்சி மரைக்கார் என்ற பெரும் கட்டட ஒப்பந்தக்காரர் உடன் நின்றார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர் இவர். 1877 இல் அது திறக்கப்பட்டபோது, என்ன வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடிவையுங்கள் என்று மட்டும் கேட்டார் எனச் சொல்வார்கள். தமக்கென எதையும் கேட்காத அத்தகையவரின் பொருளும் உழைப்பும் ஸாஹிறாவின் அடித்தளத்தில் இருக்கின்றன. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக.

ஆக, பாடத்திட்டத்தின் கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிட்டது. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் என்பது கொள்கை. நடைமுறையில் அதற்கு ஒரு விலை உண்டு. அரசாங்க உதவிப்பணம் வேண்டுமானால் கல்வித் திணைக்களம் வகுத்த பாடங்களை அதன் ஆய்வாளர்கள் ஏற்கும்படி நடத்த வேண்டும். அந்தப் பாடங்கள் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நேரத்தில்தான் குர்ஆனும் அறபும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஆங்கிலத்துக்குத் தேர்வு என்ற காவல் இருந்தது, அறபுக்கு மார்க்கம் என்ற காவல் இருந்தது. வீட்டிலே பேசிய தமிழுக்கு அப்படிப்பட்ட காவல் ஏதும் இருக்கவில்லை. பிள்ளைக்கு அதுதான் தெரியுமே, தனியாக எதற்குப் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியது.

தமிழ் ஒதுங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு; அது அரசியல் சார்ந்தது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என்பது அதன் சாரம். அவர்கள் பேசும் மொழி தமிழ் என்பதை அவர் முக்கியச் சான்றாக வைத்தார். தனிப் பிரதிநிதித்துவம் கேட்டுக்கொண்டிருந்த சமூகத்துக்கு இது பேரிடியாக விழுந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் விரிவான மறுப்பு நூல் வெளியிட்டார். மறுப்பு நியாயமானது, ஒரு சமூகம் தன்னை எவ்வாறு அழைத்துக்கொள்வது என்பதைப் பிறர் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த வாதத்தின் சூட்டில், தமிழைத் தாய்மொழி என்று சொல்லவே சிலர் தயங்கத் தொடங்கினர். நாவிலே இருந்த மொழி ஏட்டிலே சந்தேகத்துக்குரியதாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் கொழும்பு முஸ்லிம் மேல்தட்டினர் தமிழ்ப் பாடத்தை அலட்சியமாகக் கருதியதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1921 இல் ரி.பி. ஜாயா அதிபரானார். அப்போது கல்லூரியில் இருந்தவர்கள் 59 மாணவர்கள் என்று சொல்லப்படுகிறது. ஜாயா மலாய் சமூகத்தவர். பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து வந்தவர். ஒரு சமூகம் தன் சமயத்தைக் கைவிடாமல் ஆங்கிலக் கல்வியை எவ்வாறு தனதாக்கிக்கொள்ளலாம் என்பதை ஆனந்தாவில் நேரில் கண்டிருந்தார். 1948 வரை நீண்ட அவரது காலத்தில் ஸாஹிறா தீவின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. வெளியூர்களில் கிளைகளும் தோன்றின. பயிற்றுமொழி ஆங்கிலமே. முஸ்லிம் இளைஞர் பல்கலைக்கழகம் புகவும் உயர் பதவிகளுக்குப் போட்டியிடவும் அதுவே வழி திறந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தும், ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து, கிழக்கிலங்கையின் வயற்கரை ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த வகுப்பறை எவ்வளவு எட்டாததாக இருந்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

அத்தகைய பிள்ளைகளை அருகிலிருந்து கண்டவர் அடுத்த அதிபர். ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911-1973) யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் புகுந்த முதல் முஸ்லிம். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியபோது உழவர் வீடுகளின் வறுமையையும் அங்கே உயிரோடிருந்த தமிழ்ச் செல்வத்தையும் ஒருங்கே பார்த்தார். சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். 1948 இல் பெரும் பதவியைத் துறந்து ஸாஹிறாவுக்கு வந்தார்.

முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதை அஸீஸ் எவ்விதத் தயக்கமுமின்றிச் சொன்னார். அது இனத்தைப் பற்றிய பேச்சன்று, பிள்ளையின் புரிதலைப் பற்றிய பேச்சு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இவ்வாறு அறுபதாண்டுக்கு முந்திய இராமநாதன் சர்ச்சையின் முள்ளை அவர் அமைதியாகப் பிடுங்கிப்போட்டார். அவர் காலத்து ஸாஹிறாவில் ஆங்கிலத்தின் இடம் குறையவில்லை. தமிழுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. பிற்காலத்தில் தமிழ் ஆய்வுலகின் பெரும் பெயராக விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தார். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு வாழ்நாளை அர்ப்பணித்த ம.மு. உவைஸும் அங்கே கற்பித்தவர். ஒரு முஸ்லிம் கல்லூரி தமிழ்ப் புலமையின் களமாகவும் திகழ்ந்த ஆண்டுகள் அவை.

அதே ஆண்டுகளில் நாடே சுயமொழிக் கல்விக்கு மாறிக்கொண்டிருந்தது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் என்று விதியான இடத்தில், முஸ்லிம் பெற்றோருக்கு மட்டும் மூன்று மொழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அளிக்கப்பட்டது. சலுகை போலத் தோன்றினாலும் அது ஒரு பாரமும்கூட. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை தமிழிலும், அடுத்த வீட்டுப் பிள்ளை சிங்களத்திலும், வசதியுள்ளவர் பிள்ளை ஆங்கிலத்திலும் படிக்கலாயினர். 1956 இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோது அஸீஸ் அதற்கு உடன்படவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டங்கள் வந்தன. 1961 இல் அவர் ஸாஹிறாவை விட்டு வெளியேறினார்.

தமிழ் வகுப்பறைக்குள் விஞ்ஞானம் நுழைந்த கதை தனியாக எழுதத்தக்கது. அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு, ஒளித்தொகுப்பு என்று இலங்கைப் பிள்ளைகள் படித்தார்கள். தமிழகத்திலிருந்து இதை வாசிப்போருக்கு ஒளிச்சேர்க்கையே பழக்கமாக இருக்கும், கருத்து ஒன்றே. அட்சரகணிதம் என்ற சொல்லும் அவ்வாறே. அல்குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற அறபுச் சொல்லிலிருந்தே ஐரோப்பியர் அக்கணிதத்துக்குப் பெயர் பெற்றார்கள். அறபு ஓதும் நம் பிள்ளையோ தமிழ்வழியில் அட்சரகணிதம் என்றும் ஆங்கிலவழியில் அல்ஜிப்ரா என்றும் படித்து, இரண்டிலும் அந்த உறவை அறியாமலே தேறிவிடுகிறது. மௌலவி ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒருமுறை சேர்ந்து பாடம் நடத்தினால் பத்து நிமிடத்தில் தீரும் குறை இது.

2001 ஐ அடுத்த ஆண்டுகளில் இலங்கை அரசு இருமொழிக் கல்வியைப் பாடசாலைகளுக்கு மீண்டும் கொண்டுவந்தது. 6 ஆம் வகுப்பிலிருந்து கணிதம், விஞ்ஞானம் முதலிய சில பாடங்களை ஆங்கிலத்திலும், சமயம், தாய்மொழி, வரலாறு ஆகியவற்றைத் தாய்மொழியிலும் படிப்பது அதன் அமைப்பு. சித்திலெப்பை கண்டிருந்தால் இது புதிது என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் எந்த மொழியில் என்பது இன்னும் ஆசிரியரின் திறமையைப் பொறுத்ததாகவே இருக்கிறது. கரும்பலகையில் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதைத் தமிழில் விளக்கி, மீண்டும் ஆங்கிலத்தில் மாணவரைச் சொல்ல வைப்பவர் இரண்டு மொழியையும் வளர்க்கிறார். குறிப்பை வாசித்துக் காட்டி எழுதிக்கொள்ளச் செய்பவரிடம் பிள்ளை இரண்டையும் இழக்கிறது. பெற்றோர் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் எந்த மொழி வகுப்பு என்றே கேட்கிறோம். அந்த வகுப்பில் பிள்ளை எந்த மொழியில் கேள்வி கேட்கிறது என்று கேட்பவர் அரிது.

சித்திலெப்பை காலத்து ஓதற்பள்ளிப் பலகைகள் இன்று அருகிவிட்டன. அறபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த மூத்தம்மாக்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அஸீஸ் தம் இறுதி ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றுக்கு 'அறபுத்தமிழ் எங்கள் அன்புத்தமிழ்' என்று பெயரிட்டார். அலமாரியின் அடித்தட்டில் துணியில் சுற்றிக் கிடக்கும் அப்பழைய கிதாபுகளை எடுத்து, மூத்தம்மா வாசிக்கப் பிள்ளை தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் வேலையை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.