தோட்டத்துப் பசுவும் பல்கலைக்கழகமும்

கல்வியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாற்றையும் பட்டங்களின் வரலாற்றையும் எழுதி அமைந்துவிடுகின்றனர். ஓர் அறிவுத்துறை யாருடைய உழைப்பைச் சார்ந்து வளர்ந்தது, யாருடைய வாசலை எட்டாமலே நின்றது என்னும் வினாக்கள் எழுவதில்லை. சப்பிரகமுவ மாகாணத்தில் கால்நடை, பாற்பண்ணை விஞ்ஞானங்களின் உயர்கல்வியை ஆராயப் புகும் நாம் இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால், மலையடிவாரத்துப் பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1995இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தின் விவசாய விஞ்ஞான பீடத்தில் கால்நடை உற்பத்திக்கெனவே ஒரு துறை உண்டு. மேலும் ஆழக் கற்க விரும்புவோருக்குப் பேராதனையில் 1975இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டமேற்படிப்பு நிறுவகம், விலங்கு விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் வழிசெய்கிறது. தீவனம், இனவிருத்தி, பாலின் இரசாயனம், நோய்த்தடுப்பு ஆகியன அங்கு முறையாக ஆராயப்படுகின்றன.

அதே மாகாணத்தில் இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். வசதி கிட்டிய குடும்பம் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டுகிறது. ஆராய்ச்சிச் சாலைக்கும் இந்தக் கொட்டிலுக்கும் இடையிலுள்ள தூரம் மைல்களால் அளக்கக்கூடியதன்று. அது வரலாற்றினால் உண்டாக்கப்பட்ட தூரம்.

தோட்ட முதலாளித்துவம் விஞ்ஞானத்தை ஒருபோதும் வெறுத்ததில்லை. தனக்கு வேண்டிய விஞ்ஞானத்தை அது உரிய காலத்திலேயே தேடிக்கொண்டது. இறப்பர் நாற்று 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றியது. இறப்பர் ஆராய்ச்சி 1910இல் தொடங்கியது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தோன்றியது. ஏற்றுமதியாகும் பயிருக்கு நோய் வந்தால் ஆராய ஆளிருந்தது. தொழிலாளியின் பசுவோ எந்தக் கணக்கேட்டிலும் இலாபமாகப் பதியப்படாதது. அது அவனது சொந்தப் பாடாக விடப்பட்டது.

1940களின் பிற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விவசாய, மிருகவைத்தியக் கல்வி கால்கொண்டது. சுதந்திர நாடு தன் உணவைத் தானே ஆக்கவேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில்தான், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறுஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. கன்னங்கராவின் பெயரோடு நாம் போற்றும் 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமும் தோட்டப் பாடசாலையின் வாசலில் நின்றுவிட்டது. ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியரும் தொடக்க வகுப்புகளுமே தோட்டப் பிள்ளையின் கல்வியாயின. அப்பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பாதியிலும் அதற்குப் பின்னரும்தான். தொடக்க வகுப்பே எட்டாக்கனியாக இருந்தவர்களின் பிள்ளைகள் பட்டமேற்படிப்பில் ஏன் காணப்படவில்லை என்று கேட்பது நியாயமாகுமா?

கால்நடை வளர்ப்புக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது நிலைத்த வாழ்வை வேண்டுவது. பசு சினைப்பட்டு ஈன ஏறத்தாழ 280 நாள் ஆகும். பிறந்த கிடேரி வளர்ந்து தன் முதற் கன்றை ஈன இரண்டரை, மூன்று ஆண்டுகள் செல்லும். நல்ல பொலிகாளையின் குணம் ஒரு மந்தையில் வேரூன்ற இரண்டு மூன்று தலைமுறை மாடுகள், அதாவது பத்தாண்டு போல் தேவை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கையாக வைத்துப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு தீர்மானிக்கப்படுவர் என்றது. கப்பல் எப்போது என்றறியாத குடும்பம் எந்தக் கிடேரியை நம்பி வளர்க்கும்? 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலிருந்து பலர் உயிர்தப்பி வடக்கே சென்றனர். உயிரைக் காக்க ஓடுகிறவர் பசுவைத் தோளில் சுமந்து ஓட முடியாது. தோட்டத் தொழிலாளிக்கு மாடு வளர்க்கும் நாட்டமில்லை என்று எவரேனும் கூறினால், இந்த ஆண்டுகளை அவர் முன்னால் வைப்போம்.

இம்மக்களிடம் அறிவு இல்லாமலில்லை. இறப்பர் மரத்தில் பால் வெட்டுவோர் விடியலில் மலையேறுகின்றனர். மரத்தின் உள்ளழுத்தம் அப்பொழுது மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். வாளியில் சேர்ந்த பால் முன்கூட்டியே உறையாதிருக்க அமோனியா இடுவதையும், பிறகு தொட்டியில் அமிலம் ஊற்றி உறைய வைப்பதையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். பசுவின் பால் திரிவதும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சியே. புளிப்பேறி, காடித்தன்மை 4.6 என்ற அளவை அணுகும்போது கேசின் என்னும் புரதம் திரண்டு பிரிகிறது. பாற்பண்ணை விஞ்ஞானத்தின் ஓர் அடிப்படைப் பாடம் இறப்பர்த் தொழிலாளியின் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெயரிட்டுச் சொல்ல ஓர் ஆசிரியர்தான் இல்லை. கறவை நேரமும் அதே விடியல் என்பதால், மரத்துக்கு முன் பசுவிடமும் பசுவுக்கு முன் அடுப்பிடமும் செல்லவேண்டியவள் பெண்ணே என்பதையும் ஆராய்ச்சியாளர் குறித்துக்கொள்ளட்டும். அவளது நாளைக் கணக்கில் கொள்ளாத எந்தக் கறவைத் திட்டமும் தோட்டத்தில் நிற்காது.

அடுத்தது நிலம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கையில் சேர்த்தது. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. உரிமை கைமாறியதேயன்றித் தொழிலாளிக்குப் புல் வளர்க்க ஒரு துண்டு நிலமும் உறுதியாகவில்லை. கொட்டில் போடவும் தோட்ட நிர்வாகத்தின் இசைவை நாடவேண்டும். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘கோ-3’ என்னும் ஒட்டு நேப்பியர்ப் புல் இலங்கை எங்கும் பரவி வேர்விட்டுவிட்டது. அதனிடம் எவரும் குடியுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. அந்தப் புல்லை நட நிலமற்றவர்கள், ஓடையோரத்திலும் வழியோரத்திலும் அறுத்த புல்லைத் தலையில் சுமந்து வருகின்றனர்.

இந்தியாவின் ஆனந்த் நகரம் இங்கே சிந்திக்கத்தக்கது. 1946இல் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கைரா மாவட்ட விவசாயிகள் கூட்டுறவு அமைத்தனர். அரசாங்க உதவிப் பணத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் முதுமாணிப் பட்டம் பெற்ற வர்கீஸ் குரியன் 1949இல் அங்கு வந்து சேர்ந்தார். எருமைப் பாலைத் தூளாக்க இயலாது என்று வெளிநாட்டு நிபுணர் கூறியிருக்க, தலாயா என்ற பொறியியலாளர் அதைச் செய்து காட்டினார். பட்டம் பெற்றவரை விவசாயிகளின் அமைப்பு வேலைக்கு வைத்துக்கொண்டதே ஆனந்தின் சிறப்பு. ஆயினும் கைரா விவசாயிகளில் பலருக்குச் சிறிதேனும் நிலமிருந்தது. நம் தோட்டத் தொழிலாளிக்கு அதுவுமில்லை. ஆகவே ஆனந்தை அப்படியே பெயர்த்து நடமுடியாது. கூட்டுறவுக் கோரிக்கையும் நிலக் கோரிக்கையும் இங்கு ஒன்றாகவே எழவேண்டும்.

இவை எல்லாம் வெறும் மாட்டுப் பிரச்சினை அல்ல. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் இறக்குமதிப் பால்மா நாட்டின் கோப்பையை நிறைத்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அதே பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர். தோட்டப்புறத்திலோ 32 விழுக்காட்டினர். உலகுக்குத் தேயிலை தந்தவரின் பிள்ளை வெறுந்தேநீர் குடித்து வளர்கிறது. கொட்டிலில் கறந்த பாலும் பணமாக வேண்டியிருப்பதால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோர் நிலையை முடித்துவைத்தது. ஆனால் பல்கலைக்கழக வாயில் இன்னும் குறுகியதே. விவசாய பீடத்துக்குள் நுழைய உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். தமிழில் அதைக் கற்பிக்கும் பாடசாலைகளோ இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மிகச் சில. அனுமதியில் மாவட்டப் பங்கு உண்டென்பது உண்மை. அப்பங்கு மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு உரியதன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கு செய்யக்கூடியன உண்டு. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்புக்காகக் குரல் கொடுப்போம். பால், தீவனம், கன்று வளர்ப்பு பற்றிய நூல்களைத் தமிழில் எளிமையாக ஆக்குவோம். பட்டமேற்படிப்பு மாணவர் தம் ஆய்வுப் பொருளைத் தேடும்போது லயத்தின் பின்புறத்தையும் ஒருமுறை நோக்கட்டும். அங்கு நிற்கும் பெண்ணிடம் முதலில் கேட்டறியட்டும். அவளுடைய மகளே ஒருநாள் அந்த ஆய்வை எழுதும் நிலையை உண்டாக்குவதுதான் பெலிஹுல்ஓயாவிலும் பேராதனையிலும் உள்ள கல்வி மக்களுக்குரியதென்பதற்குச் சான்றாகும்.