பதுளைக்கு வந்த பாதைகள்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நாம், பதுளைக்குப் போகும் பெருந்தெருவை நன்கு அறிவோம் என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றோம். பஸ்ஸிலே உட்கார இடம் கிடைத்துவிட்டால், தெரு எவ்வளவு வளைந்தாலும் நெளிந்தாலும் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் மலைநாட்டிலே ஒரு தெரு இந்தச் சரிவை விட்டு அந்தச் சரிவிலே போகின்றதென்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்குப் பின்னால் சிலருடைய இலாபமும் வேறு பலருடைய உழைப்பும் இருக்கும். இவ்வாண்டு மலரிலே அதை ஒருமுறை ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் தேசப்படத்தைப் பார்ப்போம். பதுளை நகருக்குள்ளே நுழையும் முதல்தரப் பெருந்தெரு ஒன்றே ஒன்றுதான். அது ஏ 5. பேராதனையிலே தொடங்கி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, ஹக்கலை, கெப்பட்டிப்பொல, வெலிமடை, எட்டம்பிட்டிய, ஹாலிஎல எனக் கீழிறங்கிப் பதுளையை அடைகின்றது. அங்கே நின்றுவிடாமல் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று கிழக்கே போய், மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியிலே முடிகின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ 4 பதுளைக்கு வருவதேயில்லை. அது பெரகலை வரை ஏறிவந்து, ஊவாவின் தெற்கு விளிம்பைத் தொட்டுவிட்டு, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி, ஏறத்தாழ 430 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பைச் சேருகின்றது. ஆகவே கொழும்புக்குப் போகும் 99ஆம் இலக்க பஸ், ஹாலிஎல வரை ஏ 5இலும், அங்கிருந்து பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாகப் பெரகலை வரை ஏ 16இலும், அதன் பின்னரே ஏ 4இலும் செல்கின்றது. ஒரு மாகாணத்தின் தலைநகரிலிருந்து கொழும்பு போக மூன்று தெருக்களைக் கோத்துக்கொண்டு போக வேண்டியிருப்பது ஏன்?

ஊவாவின் மேட்டுநிலம் ஒரு கிண்ணம் போன்றது. மேற்கே நுவரெலியா மலைகள், தெற்கே ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலே ஹப்புத்தளை முகடு, கிழக்கே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை. கிண்ணத்தின் அடியிலே, 2,200 அடியளவிலே, பதுளை. இந்தக் கிண்ணத்திலிருந்து வெளியேற இடல்கசின்ன, எல்ல போன்ற சில கணவாய்களே பழங்காலத்தில் இருந்தன. அவற்றின் வழியே சென்றவை வண்டிகளல்ல. முதுகிலே பொதி சுமந்த தவளம் மாடுகள். கரையோரத்து உப்பும் கருவாடும் மேலேறும். பாக்கு முதலியன கீழிறங்கும். முஸ்லிம் வணிகர் பலர் இத்தொழிலிலே கைதேர்ந்திருந்தனர். ஊவாவுக்குள்ளே வருவதைவிட வெளியேறுவது கடினம் என்பதைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1630ஆம் ஆண்டிலே கண்டுகொண்டான். படையுடன் பதுளை வரை வந்து நகரை அழித்தவன், திரும்பும் வழியிலே வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலையிலே கண்டிப் படையால் வளைக்கப்பட்டு மாண்டான்.

1817-18ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்ததை அடக்கிய ஆங்கிலேயர், படை நடத்த வழி வேண்டும் என்பதை அப்போதே உணர்ந்தனர். அக்கிளர்ச்சியின் தலைவரும், 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டவருமான கெப்பட்டிப்பொலவின் பெயரை ஏ 5இன் ஓரத்திலே இன்று ஓர் ஊரே தாங்கி நிற்கின்றது. படைக்காகத் தொடங்கிய வேலை பின்னர் கோப்பிக்காக விரைவு பெற்றது. பதுளையிலே உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஊவாவின் பாதைகளை அமைப்பித்தவர் என்று பெயர் பெற்றவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றார் என்பது அவரைப் பற்றி வழங்கும் மற்றொரு பேச்சு. அதைப் புகழென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1845 ஜூன் 7ஆந் திகதி ஹப்புத்தளையிலே இடி விழுந்து இறந்த அவருடைய ஞாபகமாகவே பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் எழுந்தது.

அதிகாரியின் பெயர் தேவாலயத்திலே இருக்கின்றது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1832ஆம் ஆண்டிலே இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்ட பின்னர், கூலி கொடுத்தே வீதி வேலை செய்விக்க வேண்டியதாயிற்று. 1848இலே டொரிங்டன் பிரபுவின் ஆட்சி, ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்று சட்டம் விதித்தது. அந்த ஆண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கலகத்துக்கு இதுவும் ஒரு காரணம். அரசு தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்துப் 'பயனியர் படை' என்ற பெயரிலே வீதி வேலைக்கு நிறுத்திற்று. மன்னாரிலே இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தவர்களில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தோர் எத்தனையோ பேர். தப்பி வந்தோரிலே ஒரு பகுதியினர் தெரு வெட்டினர். மற்றவர்கள் அத்தெருவின் ஓரத்திலே கோப்பி நட்டனர்.

மலைச்சரிவிலே தெரு வெட்டுவதென்பது இலேசான காரியமன்று. காளை வண்டி மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய சாய்விலே போகவேண்டும் என்பதே முதல் விதி. நேரே ஏற முடியாத தெரு, மலையின் மடிப்புகளைப் பின்பற்றிச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நீரோடை. ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு மதகு. மேற்பக்கத்திலே காண் வெட்டி நீரை மதகுக்குத் திருப்பாவிட்டால் ஒரே மாரியிலே தெரு கீழே போய்விடும். இவ்வளவு பாடுபட்டும் தெருவை மலையின் இடுப்பளவிலேயே நிறுத்தி வைத்தார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் தோட்டத்து ஸ்டோர்களின் மூட்டைகள் வந்து சேரவேண்டுமல்லவா? பள்ளத்திலே வயல் செய்த கிராமங்களுக்கு வசதியாக இருக்கவேண்டும் என்று எண்ணி வகுத்த கோடு அன்று அது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஹாலிஎலவுக்கு மேற்கே தெரு இரண்டாகப் பிரிகின்றது. வெலிமடைப் பக்கத்துக் கிளை கண்டியை நோக்கியது. அது ஆட்சியின் வழி. ஹப்புத்தளைப் பக்கத்துக் கிளை துறைமுகத்தை நோக்கியது. அது சரக்கின் வழி. இரயில் வருவதற்கு முன்னர் ஊவாக் கோப்பி பெரகலைச் சரிவிலே வண்டியில் இறங்கி, இரத்தினபுரி சென்று, அங்கிருந்து களுகங்கையிலே படகேறிக் களுத்துறைக்குப் போனது. பதுளையையும் கொழும்பையும் இணைக்கவேண்டும் என்று எவரும் ஒரே தெருவாக வகுக்கவில்லை. வெவ்வேறு தேவைக்கு வெட்டிய துண்டுகளையே இன்று நாம் கோத்துக்கொள்கின்றோம்.

இரண்டு கிளைகளில் எது தழைக்கும் என்பதைத் தீர்த்தது இரயில். 1885இலே நானுஓயாவை எட்டிய பாதை, 1893இலே ஹப்புத்தளைக்கும் 1894இலே பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1924ஆம் ஆண்டிலேதான் இங்கே முதல் இரயில் வந்து நின்றது. அந்த ஆண்டுகளிலே பதுளைத் தேயிலை பெரும்பாலும் பண்டாரவளை வரை வண்டியிலேதான் ஏறவேண்டியிருந்தது. பண்டாரவளை கடைத்தெருவும் சந்தையுமாகப் பெருத்தது அந்நாளிலேதான். 1890இலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் தேயிலை ஹப்புத்தளை முகட்டிலிருந்து உலகெங்கும் போயிற்று. வெலிமடையோ இரயிலைக் காணாமல், மரக்கறிப் பூமியாகவே நிலைத்தது. அதனால் வெலிமடைக்குக் குறைவொன்றுமில்லை என்பது நமது எண்ணம். கோவாவும் உருளைக்கிழங்கும் லொறியிலேறிப் போகின்றன, ஊரும் தன்போக்கிலே வாழ்கின்றது.

தெற்கே இறங்கும் வழிகளும் இரண்டு. கும்பல்வெலவிலே ஏ 16ஐ விட்டுப் பிரியும் ஏ 23, எல்லக் கணவாயின் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியருகே இறங்கி வெல்லவாய சேருகின்றது. மற்றது பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை, தியலும நீர்வீழ்ச்சி வழியாக இறங்கும் ஏ 4. வெல்லவாயச் சந்தியிலே ஏ 2ம் வந்து முடிகின்றது. கொழும்பிலிருந்து காலி, அம்பாந்தோட்டை என்று கடலோரமாகச் சுற்றிவரும் தெரு அது. கதிர்காமத்துக்குப் போகும் தோட்ட மக்கள் இச்சந்தியிலிருந்து தனமல்வில வழியாகவோ புத்தலை வழியாகவோ போவர். இந்த இறக்கங்களின் அழகைப் பார்க்க இன்று உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். ஆபத்தும் அதே இடத்திலேதான் இருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிலே புதையுண்டன. 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி எல்ல - வெல்லவாயத் தெருவிலே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர்.

கிழக்குப் பக்கத்தை நம்மவர் அதிகம் எண்ணுவதில்லை. பசறைச் சந்தியிலே ஏ 5 லுணுகலைக்கும், ஏ 22 பதல்கும்புர வழியாக மொனராகலைப் பக்கத்துக்கும், இன்னொரு தெரு நமுனுகுலை வழியாக எல்லவுக்கும் பிரிகின்றன. லுணுகலைத் தெருவிலிருந்து பிரிந்து ஏறும் மடுல்சீமையிலேதான் 1869ஆம் ஆண்டு கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. கோப்பிக்காக வெட்டிய தெருக்கள் இருக்க, கோப்பியே அழிந்தது. அதே தெருக்களிலே தேயிலை வந்தது. லுணுகலைக்கப்பால் தெரு காட்டிலும் வெல்லஸ்ஸச் சமவெளியிலும் இறங்கி, மகாஓயா, புல்லுமலை, கரடியனாறு கடந்து செங்கலடியை அடைகின்றது. அங்குள்ள தமிழர் அதைப் 'பதுளை வீதி' என்றே அழைக்கின்றனர். நம் ஊரின் பெயர் வயலும் வாவியும் சூழ்ந்த நாட்டிலே நாள்தோறும் வழங்குகின்றதென்பதை நம்மிலே எத்தனை பேர் அறிவோம்? போர்க்காலத்திலே அப்பகுதியின் போக்குவரத்து நெடுங்காலம் தடைப்பட்டுக் கிடந்தது. அதனால் இரு பக்கத்துத் தமிழரும் ஒருவரையொருவர் மறந்தே போயினர்.

மைல் கணக்குப் போய்க் கிலோமீற்றர் வந்தபின்னும் நம் பேச்சிலே 'கட்டை' போகவில்லை. பசறை 13ஆம் கட்டை என்றால் இன்று நாடறியும். 2021 மார்ச் 20ஆந் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் அங்கே பள்ளத்தில் உருண்டது. இறந்தோர் 14 பேருக்குக் குறைவில்லை. மேலிருந்து விழுந்த பாறையால் தெரு அவ்விடத்திலே ஒடுங்கியிருந்தது. வண்டிக்காக வெட்டிய அகலத்திலே நெடுந்தூர பஸ்ஸும் டிப்பரும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்?

பெருந்தெருவின் நிலையே இதுவானால், அதிலிருந்து லயத்துக்குப் போகும் பாதையின் நிலை என்ன? நமக்கு நெஞ்சிலே தைப்பது இதுதான். வெள்ளைக்காரர் காலத்திலே கிளை வீதிகளுக்கென்று தனிச் சட்டமே இருந்தது. செலவை அரசும் தோட்ட முதலாளிகளும் பகிர்ந்துகொண்டனர். தேயிலை கீழே வரவேண்டும் என்பதால் பாதையும் பழுதின்றி இருந்தது. ஆனால் அதில் நடந்தவனுக்கு உரிமை ஏதும் இல்லை. 1930களின் பிற்பகுதியிலே கிராமச் சபைத் தேர்தலில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948இலே குடியுரிமையும் போயிற்று. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இலே கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. தெருக்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, முதலிரண்டும் மத்திய அரசுக்கு, பின்னிரண்டும் மாகாணத்துக்கு என வகுத்தார்கள். தோட்டத்துக்குள்ளே இருந்த பாதை இந்த எழுத்துகள் எதிலும் சேரவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் தோட்டத்துக்குள்ளே தாராளமாகச் செலவிட வழியில்லை. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினரே, அம்மக்களின் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் கைகட்டி நின்றார். 2018இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபைகள் சேவை செய்யலாம் என்றாயிற்று.

செய்யலாம் என்பதற்கும் செய்தார்கள் என்பதற்கும் இடையிலே இன்னும் நீண்ட தூரம் கிடக்கின்றது. பல தோட்டங்களிலே நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் பெருந்தெருவுக்கு வருகின்றார்கள். பாதை கம்பனியுடையதா, சபையுடையதா என்ற கேள்விக்கு எழுத்திலே பதில் பெற்றுக்கொள்வதே முதல் வேலை. சபையின் வீதிப் பட்டியலிலே தங்கள் தோட்டத்துப் பாதை ஏறியிருக்கின்றதா என்பதை வாலிப அன்பர்கள் நேரிலே போய்ப் பார்க்கவேண்டும். பெருந்தெருச் சந்தியின் பெயர், எத்தனையாம் கட்டை, அங்கிருந்து கடைசி லயம் வரை எவ்வளவு தூரம், எத்தனை மதகு, அவற்றிலே எத்தனை உடைந்தவை என்பவற்றையும் குறித்து அடுத்த மலருக்கு எழுதியனுப்பினால், மலரிலே இடம் ஒதுக்கித் தருவோம்.