இரண்டு எழுத்து விட்டுப்போன ஏடு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

1978இல் சின்னாளபட்டிச் சித்தி இறந்தார். வயது 46. ‘வயித்துல கட்டி’ என்றுதான் ஊருக்குச் சொன்னோம். 1999இல் என் அக்கா. அதே வயிற்று வீக்கம், ஊருக்கு அதே பதில். இரண்டுமே சினைப்பைப் புற்றுநோய். வீட்டில் கல்யாண வயதில் பெண்கள் இருந்தார்கள். சம்பந்தம் தட்டிப்போகும் என்று வாயை மூடிக்கொண்டோம்.

போன வருடம் அக்கா மகள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் ‘185டெல்ஏஜி’ என்ற பிழை இருப்பதாக வந்தது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன். ஐரோப்பிய வழி யூதர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கும் பிழையாம். வரலாற்று வாத்தியார் மூளை சும்மா இருக்குமா? கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் கொடுத்த செப்பேட்டை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். ‘ஆக, கடல் வணிகத்தோடு வந்த பிழை’ என்று முடிவே கட்டிவிட்டேன்.

அது தப்பு. ஏட்டுச்சுவடியை வைத்துச் சொல்கிறேன். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்களா? அக்கம்பக்கத்து வரிகளை ஒப்பிட்டால் தெரியும். அவை வேறுபட்டால், இரண்டு பேர் தனித்தனியே சறுக்கியிருக்கிறார்கள். மரபணுவிலும் அப்படித்தான். இந்தியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து 2007இல் வந்த கட்டுரை, அங்கே இந்தப் பிழை தனியாகவே தோன்றியது என்றது. 2009இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தார் தென்னிந்தியப் பெண்களிடம் இதே பிழையைப் பலமுறை கண்டார்கள்.

இதை ஒரு இனத்தின் நோய், ஒரு சாதியின் சாபம் என்று யாரும் சொல்ல முடியாது. பிழை குடும்பத்தின் வழியே இறங்குகிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தபின் பிழைப்பவர்களும் குறைவு. ஒரே மாதிரி சிகிச்சை கிடைத்தால் அந்த இடைவெளி சுருங்கலாம். உடம்பு பாதி என்றால் சிகிச்சையும் காலமும் மீதி.

நம் மாவட்டமே இதற்குச் சாட்சி. 2000 முதல் நம் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்துப் பரிசோதித்தார்கள். அந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். சினைப்பைக்கு அப்படி எளிய பரிசோதனை இன்னும் கிடையாது. வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர் என்று வரும். வாய்வு என்று விட்டுவிடுவோம். அதனால் இந்த நோய்க்குக் குடும்ப வரலாறுதான் முதல் எச்சரிக்கை. அதைத்தான் நாங்கள் மறைத்தோம்.

சாதாரணமாக நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் நோய், பிழை உள்ளவர்களில் சுமார் நாற்பது பேருக்கு வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால், பிள்ளைப்பேறு முடிந்தபின் மருத்துவரோடு பேசிச் சினைப்பையை எடுத்துவிட வழி இருக்கிறது. அக்கா மகள் அதைச் செய்துகொண்டாள். நன்றாக இருக்கிறாள்.

இன்னொன்று. இது ஆண் வழியாகவும் இறங்கும். நானும் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கும் இருக்கிறது. என் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இறங்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளை உட்காரவைத்துச் சொன்னேன். நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அதுதான் கஷ்டமான வகுப்பு.

அம்மா வழிச் சொந்தங்கள் யாராயிருந்தாலும் எனக்குப் போன் செய்யுங்கள். மாணவர்களே, இன்று இரவு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: ‘பாட்டி எதனால் செத்தாங்க, எந்த வயசுல?’ பதிலை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீட்டுப்பாடம் இதுதான்.

– உங்கள் வரலாற்று வாத்தியார், திண்டுக்கல்