தபால்தலை வரைந்த கை

ஹெல்சிங்கி நகரில் சிற்பி விக்டர் யான்சன் வடித்த சிலைகள் இன்றும் நிற்கின்றன. அவர் மனைவி சிக்னே ஹாமர்ஸ்டென்-யான்சனும் ஓவியம் பயின்றவர்தான். 1882இல் ஸ்வீடனில் பிறந்து, திருமணத்துக்குப் பின் பின்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர்.

சிலை செய்யச் சொல்லி எப்போதோ ஒருமுறைதான் ஆள் வரும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடுப்பு அதுவரை காத்திருக்குமா? சிக்னே புத்தகங்களுக்கு அட்டையும் படங்களும் வரைந்தார். ‘கார்ம்’ என்ற நையாண்டிப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டார். பின்லாந்து வங்கியின் நோட்டு அச்சகத்தில் வேலை பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தபால்தலைகளை வடிவமைத்தார். கலை வரலாறு கணவரின் வேலையைப் படைப்பு என்றது, மனைவியின் வேலையைப் பிழைப்பு என்றது. அந்தப் பிழைப்பில்தான் வீடு ஓடியது.

மகள் டூவே 1929இல் அதே ‘கார்ம்’ இதழில் வரையத் தொடங்கினார். பின்னர் மூமின் கதைகளை எழுதி, படமும் வரைந்து, உலகப் புகழ் பெற்றார். அவற்றில் வரும் மூமின் அம்மாவுக்கு முன்மாதிரி சிக்னேதான். கைப்பையும் கனிவுமாகவே வாசகர்கள் அவளை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1965இல் வெளிவந்த நாவலில் அந்த அம்மா தூரிகை எடுக்கிறாள். கலங்கரை விளக்கத்தின் சுவரில் ஒரு தோட்டம் வரைந்து, அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறாள். வீட்டார் தேடுகிறார்கள். தாய் ஓவியராகவும் இருந்தாள் என்பதை மகள் மறக்கவில்லை.