பூக்கும் வரை பொறுத்தல்

கி.பி. 1563-இல் கோவாவில் போர்த்துக்கேய மொழியில் ஒரு நூல் அச்சேறியது. இந்திய மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் உரையாடல் வடிவில் விளக்கும் அந்நூலின் ஆசிரியர் கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர். 1534-இல் இந்தியா வந்த அவர், இந்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டும் தாமே கண்டும் எழுதினார். இங்குள்ள கஞ்சாச் செடி ஐரோப்பியர் கயிறு திரிக்கும் சணற்செடியை ஒத்திருப்பினும் அதுவே அன்று என அவர் அந்நூலில் குறித்தார்.

இவ்வேறுபாட்டை அறிவியல் உலகம் ஏற்க இரு நூற்றாண்டுகள் சென்றன. 1753-இல் லின்னேயஸ் இவ்வினம் முழுமைக்கும் 'கன்னாபிஸ் சட்டைவா' என்னும் ஒரே பெயரைச் சூட்டினார். சொன்னெரா என்பவர் இந்தியாவிலிருந்து கொணர்ந்த செடிகளை ஆராய்ந்த லாமார்க், 1785-இல் 'கன்னாபிஸ் இண்டிகா' எனத் தனிப்பெயர் இட்டார். இளமையில் இயேசு சபையினர் கல்லூரியில் பயின்றவர் இவர். இந்தியச் செடி கிளைத்து வளர்வது, தண்டு கடினமானது, பட்டை மெல்லியதாதலின் நாருக்கு உதவாது என்பன அவர் கண்ட கூறுகள். இன்றைய தாவரவியலார் பலர் இரண்டும் ஒரே இனத்தின் கிளைகள் என்பர். அங்ஙனமாயின் வேறுபாட்டை வளர்த்ததில் உழவன் கைக்கும் பெரும் பங்குண்டு. நாரை வேண்டியவன் நெடிது வளர்ந்தவற்றின் விதையைக் காத்தான். போதையை வேண்டியவன் பிசின் மிகுந்தவற்றின் விதையைக் காத்தான்.

இச்செடியில் ஆணும் பெண்ணும் தனித்தனியே வளரும். பூக்கும் பருவம் வரை அவற்றைப் பிரித்தறிதல் அரிது. மகரந்தம் படாத பெண் பூக்களே பிசினை மிகுதியாகச் சுரக்கும். ஆதலால் வங்காளத்து நவ்காவ் வயல்களில், அரும்பு கண்டதும் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்தவர்கள் இருந்தனர். 1893-94-இல் ஆராய்ந்த ஆங்கில அரசின் ஆணைக்குழு இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இச்செடியால் சீரழிந்த இல்லங்களை நாம் அறிவோம். ஆயினும் படைப்பைப் பழிப்பதில் பயனில்லை. ஒரே செடியில் ஆடையைத் தேடியவனும் மயக்கத்தைத் தேடியவனும் மனிதனே.

இனி, ஓர்த்தாவின் கதைக்கு வருவோம். யூத மரபில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற குடும்பம் அவருடையது. 1568-இல் அவர் இறந்தார். மறு ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனா, மறைவில் யூத சமயத்தைப் பின்பற்றினார் என்று கோவாவின் சமய விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

செடிகளைப் பொறுமையோடு உற்றுநோக்கிய அந்த மனிதரை நோக்க அன்று பொறுமையுள்ள கண்கள் இல்லை. களைகளை அறுவடை வரை விட்டுவைக்கச் சொன்ன தலைவரின் உவமையை அம்மன்றம் மறந்தது. மறைக்குத் தொண்டு செய்வதாகக் கருதி இழைக்கப்பட்ட வன்முறைகளுக்காக, 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். வயலில் ஆண் செடியைப் பிடுங்குபவன்கூட அரும்பும் வரை பொறுத்திருந்தான். நம் அயலானைப் பற்றித் தீர்ப்பிடுமுன் நாம் அவ்வளவேனும் பொறுப்போமா?