அல்மெய்தா

போர்ச்சுகலின் கிழக்கு எல்லையில், ஸ்பெயினைப் பார்த்தபடி மேட்டுச் சமவெளியில் இருக்கும் கோட்டை ஊர். பெயர் அரபு. ‘அல்’ என்பது சுட்டு. ‘மாயிதா’ என்றால் உணவு பரப்பிய மேசை. குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்தின் பெயரும் அதுவே. ஊர் நிற்கும் தட்டையான நிலத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதே வழக்கமான விளக்கம். வேறு கதைகளும் உண்டு, ஆனால் நிலமே சாட்சி சொல்லும்போது அவை தேவைப்படவில்லை.

லியோன் அரசோடு இழுபறியில் இருந்த இந்தப் பகுதி, 1297-இல் அல்கனீசெஸ் உடன்படிக்கையால் போர்ச்சுகலுக்கு உறுதியானது. மன்னர் தினிஷ் இங்கிருந்த கோட்டையைப் புதுப்பித்தார். 17ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினிடமிருந்து பிரிந்தபின், ஊரைச் சுற்றி ஆறு கொத்தளங்களோடு நட்சத்திர வடிவ மதில் எழுந்தது.

அத்தனை மதிலும் 1810 ஆகஸ்டு 26-இல் பயன்படவில்லை. பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தது. பழைய கோட்டைக்குள்தான் வெடிமருந்துக் கிடங்கு. ஒழுகிய பீப்பாயிலிருந்து சிந்திய மருந்துத் தடத்தில் குண்டு விழுந்து தீப்பற்ற, கிடங்கே வெடித்ததாகச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஊர் சரணடைந்தது. தினிஷின் கோட்டை மறுபடி எழவேயில்லை, அடித்தளக் கற்கள்தான் மிச்சம்.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகவும் ஆனது. இந்தியாவுக்கு வந்த முதல் போர்ச்சுகீசிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ த அல்மெய்தா. இலங்கையில் கரையிறங்கிய லோரன்சோ அவர் மகன். நாம் சொல்லும் ‘மேசை’யும் போர்ச்சுகீசியர் தந்ததே, அது லத்தீன் வழி வந்த ‘மெசா’.